தனித்தேடலின் தேக்கம்: பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் நீளும் வேலை தேடல்

கேள்வி

பழவேற்காடு ஏரியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அதன் நீரைப் பற்றியது, அல்லது அதன் பழமையைப் பற்றியது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பூநாரைகள் வந்திறங்கும் சரணாலயம், 1613-ல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய துறை என்ற செய்திகளை வாசகர்கள் அறிவார்கள். ஏரிப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருகிறது. மீதி ஆந்திரத்தில் இருக்கிறது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தத் தென்பகுதியில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலான மணல்திட்டிலும் ஏரியின் மேற்குக் கரையிலும் மீனவக் குப்பங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. இந்தக் குப்பங்களிலிருந்து பள்ளியிறுதியையும் பட்டத்தையும் முடித்து வெளிவரும் தலைமுறை ஒன்று இப்போது இருக்கிறது. பொன்னேரியில் 1960-களிலிருந்து அரசு கலைக் கல்லூரி இயங்குகிறது; 2012 முதல் மீன்வளக் கல்லூரியும் அதே ஊரில் இருக்கிறது. இந்தத் தலைமுறையில் பலருக்குப் படிப்பு முடிந்தபின் தொடங்கும் வேலை தேடல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அந்த நீட்சியைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

இக்கட்டுரை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறது. நீண்டு, மனம் சலித்துப்போன ஒரு வேலை தேடல் எந்த இடத்தில் தேங்கி நிற்கிறது, அதை மீண்டும் நகர வைப்பது எது? தேடுகிறவரின் மனத்தில்தான் தேக்கம் என்பது ஒரு பதில். வேலையே இல்லாத பொருளாதாரத்தில்தான் தேக்கம் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை உண்டு என்றாலும், இரண்டும் நடுவிலுள்ள ஒன்றைத் தவறவிடுகின்றன என்பது என் வாதம். தேடல் என்பது செலவும் நேரமும் செய்தியும் சிபாரிசும் தேவைப்படும் ஓர் உழைப்பு. ஏரிக் குப்பங்களில் மீன்பிடி உழைப்பு காலங்காலமாக ஊர் கூடி ஒழுங்குபடுத்தப்பட்டு வந்திருக்கிறது. வேலை தேடும் உழைப்போ ஒவ்வொரு வீட்டின் தனிச்சுமையாக விடப்பட்டிருக்கிறது. தேக்கத்தின் பெரும்பகுதி இந்தத் தனிமையிலிருந்து வருகிறது. ஆகவே மீளும் வழியும் தேடலை ஊரின் காரியமாக ஆக்குவதில்தான் தொடங்க வேண்டும்.

இருக்கும் இரு விளக்கங்கள்

மனத்தை முன்வைக்கும் விளக்கத்துக்கு வலுவான ஆய்வு மரபு இருக்கிறது. ஆஸ்திரியாவில் மரியென்தால் என்ற ஊரின் ஒரே நெசவாலை மூடப்பட்ட பின் அங்கு என்ன நடந்தது என்பதை மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் ஆராய்ந்து 1933-ல் நூலாக வெளியிட்டனர். கையில் நேரம் குவிந்துகிடந்தும் மக்கள் குறைவாகவே படித்தார்கள். நூலகத்தில் இரவல் கட்டணம் நீக்கப்பட்ட பிறகும், எடுத்துச் செல்லப்படும் நூல்களின் எண்ணிக்கை இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வேலையின்மை மனிதரைக் கிளர்ச்சிக்குத் தள்ளும் என்று எதிர்பார்த்தவர்கள், அது அவர்களை ஓய்ந்துபோக வைப்பதைக் கண்டார்கள். முக்கால் நூற்றாண்டுக்குப் பின் ஆலன் க்ரூகரும் ஆண்ட்ரியாஸ் முல்லரும் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சுமார் 6,000 வேலையற்றோரை வாரந்தோறும் தொடர்ந்து விசாரித்தபோது, வேலையின்மை நீள நீளத் தேடலுக்குச் செலவிடும் நேரம் குறைவதையும், வேலை தேடும் பொழுதுகளில் துயர உணர்வு கூடுவதையும் பதிவு செய்தார்கள். தேடலே வலி தருவதாக ஆகும்போது அதைத் தள்ளிப்போடுவது மனித இயல்பு. வெளியே இருப்பவர்களுக்கு அது சோம்பலாகத் தெரிகிறது.

பொருளாதாரத்தை முன்வைக்கும் விளக்கத்துக்கான சான்றுகளைப் பழவேற்காட்டின் தென்திசையிலேயே பார்க்கலாம். 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் எண்ணூர்த் துறைமுகம், 2013-ல் காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று கடற்கரை முழுவதும் தொழில்மயமானது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் 1971 அக்டோபரில் முதல் ராக்கெட் ஏவப்பட்டது. அந்தத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதியினர் ஏரியின் தென்பகுதியில் வந்து குடியேறினர். ஒவ்வொரு திட்டமும் வேலை தரும் என்ற பேச்சோடுதான் வந்தது. கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்த வேலைகள். காட்டுப்பள்ளிக் குப்பத்திலிருந்து இடம்பெயர்க்கப்பட்டு ஒப்பந்தத் தொழிலாளர்களாகச் சேர்ந்தவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடியது நாளிதழ்களில் பலமுறை வந்த செய்தி. இந்த நிலையில் இளைஞரைப் பார்த்துத் தன்னம்பிக்கை கொள் என்று சொல்வது நியாயமாகாது.

ஆனாலும் இந்த இரண்டாம் விளக்கத்தோடு நின்றுவிட முடியவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் மீஞ்சூரைச் சுற்றியுள்ள கிடங்குகளிலும் சென்னையிலும் நாள்தோறும் ஆள் எடுக்கப்படுகிறது. வேலைகள் போதாது என்பது உண்மை. இருக்கும் வேலைகளில் ஏரிக் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய பங்கு சேரவில்லை என்பது தனி உண்மை. இரண்டாவதற்கான காரணத்தைத் தேடல் நடக்கும் முறையில்தான் தேட வேண்டும்.

ஏரியின் ஆண்டும் தேடலின் ஆண்டும்

மரியென்தாலுக்கும் பழவேற்காட்டுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அங்கே ஆலை மூடியபின் செய்வதற்கு எதுவும் மிஞ்சவில்லை. இங்கே ஏரி இருக்கிறது. வேலை கிடைக்காதவர் அப்பாவின் படகில் ஏறலாம், அண்ணனின் வலைக்கு ஆளாகலாம், கரையில் இறால் தரம் பிரிக்கலாம். அன்றைக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும். இது பெரிய புகல். பசியிலிருந்து இந்தக் குடும்பங்களைக் காப்பது இதுதான். அதே புகல் தேடலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியும் விடுகிறது. கணக்கெடுப்புக்கு வருபவரின் கேள்விக்கு அந்த இளைஞர் 'மீன்பிடித்தல்' என்று பதில் தருவார். வேலையற்றோர் கணக்கில் அவர் வரமாட்டார். ஊராரின் கண்ணிலும் அவர் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறார். இப்படிப் பாதி வேலையில் இருப்பவரின் தேடல் எப்போது நின்றுபோனது என்பது அவருக்கே தெரியாமல் போகலாம்.

இதைவிட நுட்பமான சிக்கல் பருவத்தில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் ஆரணியாறும் மற்ற ஓடைகளும் நன்னீரைக் கொண்டுவரும். முகத்துவாரம் திறந்து கடல்நீர் ஏறி இறங்கும். இறால் ஏரிக்குள் வரும். அதன்பின் வரும் மாதங்களில்தான் ஏரியில் நல்ல பிடிப்பு. கோடையில் நீர் வற்றி, உவர்ப்பு ஏறி, முகத்துவாரம் மணலால் தூர்ந்து அடைபடும். முகத்துவாரத்தை நிலைநிறுத்த நேர்கல் சுவர்கள் அமைக்கும் திட்டத்துக்கு மீனவர்கள் நெடுங்காலம் குரல் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். கடல் பக்கத்திலும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லையென்றாலும் விசைப்படகுகளில் ஆளாகப் போகிறவர்களுக்கு அது கூலியற்ற காலம். இதை வேலை தேடலோடு பொருத்திப் பார்த்தால் ஒரு முரண்பாடு தெரிகிறது. கையில் காசு புரளும் மாதங்களில் வெளியூர் போய் நேர்காணலில் உட்கார நேரமில்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் பிடிப்பு போயிற்று. நேரம் தாராளமாகக் கிடைக்கும் மாதங்களில் பேருந்துக்கும் நகல் எடுப்பதற்கும் காசில்லை. இரண்டும் சேர்ந்து கிடைக்கும் நாட்கள் ஆண்டில் மிகக் குறைவு. விடாமுயற்சி இல்லை என்று குற்றம் சாட்டப்படுகிறவர்கள், முயற்சி செய்ய ஏதுவான நாட்களே இல்லாத ஆண்டுக்குள் வாழ்கிறார்கள்.

தொலைவின் செலவு சிறிய விஷயமன்று. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நகர ஓரங்களில் வாழும் இளைஞர்களுக்குப் பயணச் செலவைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. கிரும் அபெபெ, ஸ்டெஃபானோ காரியா முதலானோர் செய்தது. குறுகிய காலத்தில் அந்தச் சிறு உதவியே தேடலைக் கூட்டியது; முறைசார் வேலை கிடைப்பதையும் உயர்த்தியது. ஆனால் நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பயண உதவியின் விளைவு மங்கியிருந்தது. விண்ணப்பம் எழுதவும் நேர்காணலை எதிர்கொள்ளவும், தம் திறமையைச் சான்றிதழாகக் காட்டவும் பயிற்சி பெற்றவர்களின் வருமானமோ கூடியிருந்தது. பழவேற்காட்டுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. பேருந்துக் கட்டணம் தேடலைத் தொடங்கி வைக்கும். அறியாத முதலாளி ஒருவர் முன் தன்னை அடையாளம் காட்டும் வழியே அதை நிலைக்க வைக்கும்.

வரிசையில் நிற்பது

தமிழ்நாட்டில் வேலை தேடல் என்றதும் நினைவுக்கு வருவது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. பதிந்து வைத்தால் சீனியாரிட்டி ஏறும், ஒருநாள் அழைப்பு வரும் என்ற நம்பிக்கை இரண்டு தலைமுறைகளை ஆண்டது. 2023-ல் மாநிலத்தில் பதிவு செய்து காத்திருந்தோர் 60 லட்சத்துக்கும் மேல். அலுவலகம் அனுப்பும் பெயர்ப்பட்டியலோடு நிற்காமல் பொது விளம்பரமும் செய்து ஆள் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அரசுப் பணிகள் மேலும் மேலும் போட்டித் தேர்வுகளின் வழியே நிரப்பப்படலாயின. பதிவின் மதிப்பு சரிந்த பிறகும் அதைப் புதுப்பிக்கும் பழக்கம் நீடிக்கிறது. 2006-ல் தொடங்கிய வேலையற்றோர் உதவித்தொகையின் விதிகளையும் பார்க்க வேண்டும். பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த பின்பே உதவி கிடைக்கும். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, மேல்நிலைக்கு 400, பட்டதாரிக்கு 600, அதுவும் மூன்று ஆண்டுகளுக்கு. தேடல் உயிரோடு இருக்கும் முதல் ஆண்டில் ஒன்றுமில்லை. அது ஓய்ந்தபின் சிறு தொகை. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய திட்டம்தான், காலத்தைத்தான் தலைகீழாக வைத்திருக்கிறது.

இன்னொரு வரிசை தேர்வாணையத்தின் முன்பு. 2024-ல் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கையில் இடம்பெற்ற பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் 20 லட்சத்துக்கும் மேல். பின்னர் இடங்கள் கூட்டப்பட்ட போதும் ஓரிடத்துக்கு இருநூறு பேருக்குக் குறையாத போட்டி. இந்தக் காத்திருப்பின் விலையை அளந்து காட்டியது பொருளியலாளர் குணால் மங்கலின் ஆய்வு. 2001 முதல் 2006 வரை தமிழ்நாடு அரசு நிதி நெருக்கடியால் புதிய நியமனங்களைப் பெருமளவு நிறுத்தி வைத்திருந்தது. இடங்கள் அருகியதும் இளைஞர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது நேர்மாறானது. பட்டம் பெற்ற ஆண்கள் தயாரிப்பில் இன்னும் அதிக காலம் செலவிட்டார்கள். வேலையில்லாதிருப்போர் விகிதம் உயர்ந்தது. ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்த வயதுப் பிரிவினரின் வருமானத்தில் அதன் தழும்பு தெரிந்தது. கதவு மூடியிருக்கும்போது அதன் முன்னால் நிற்பவர்கள் குறைவதில்லை என்பதற்கு நம் மாநிலத்தின் சொந்தச் சான்று இது.

இதற்காக அரசு வேலையை நாடுவதை இழிவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒப்பந்தம் எப்போது முறியும் என்று தெரியாத, ஏரி எப்போது வற்றும் என்று தெரியாத குடும்பத்துக்கு மாதச் சம்பளமும் ஓய்வுக்காலப் பாதுகாப்பும் நியாயமான கனவு. மீனவப் பட்டதாரிகளுக்குக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி, மீனவ இளைஞர்களுக்குக் கடலோரக் காவல்படையிலும் கப்பற்படையிலும் சேர்வதற்கான மூன்று மாதப் பயிற்சி என அரசின் திட்டங்களும் இந்தக் கனவை மதித்தே வகுக்கப்பட்டவை. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. எத்தனை முறை எழுதுவது, எந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்வது, எழுதிக்கொண்டே எதைச் செய்வது என்பதை இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தன்னந்தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தோல்வியை வீட்டில் சொல்லத் தயங்கி அடுத்த தேர்வைக் காரணமாகக் காட்டும் ஒருவரை அந்த வரிசையிலிருந்து மெல்ல அழைத்து வரும் பொறுப்பு யாரிடமும் இல்லை.

செய்தி யார் கையில்

தனியார் வேலைகளுக்கு வருவோம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் அமெரிக்காவின் நியூட்டன் நகரில் 282 பேர் எப்படி வேலை பெற்றார்கள் என்று ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டார். 56 விழுக்காட்டினர் தெரிந்தவர் மூலம் பெற்றிருந்தார்கள். அப்படித் துணைசெய்தவர்களில் அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவர்கள் 17 விழுக்காட்டுக்கும் குறைவு. எப்போதாவது சந்திப்பவர்களே பெரும்பான்மை. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே என்பதுதான் காரணம். ஏரிக் குப்பத்தில் இது இரட்டிப்பு வலுவோடு பொருந்துகிறது. சொந்தமும் சாதியும் தொழிலும் ஒரே வட்டத்துக்குள் சுற்றும் ஊரில் அன்புக்குப் பஞ்சமில்லை, புதிய செய்திக்குப் பஞ்சம். வெளியே பாலமாக இருப்பவர்கள் மிகச் சிலர்: துறைமுகத்தில் பாதுகாவலராக இருப்பவர், சிப்காட்டில் இயந்திரம் ஓட்டுபவர், சென்னையில் தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் பெண். அவர்கள் கேள்விப்படும் ஆளெடுப்புச் செய்தி அண்ணன் தம்பிக்கோ மைத்துனருக்கோ போய்ச் சேர்கிறது, தெருமுனை தாண்டுவதில்லை. பத்துப் பேர் தேடும் ஊரில் பத்துப் பேரும் தனித்தனியே அதே இரண்டு இடங்களைச் சுற்றி வருவதும், ஏமாற்றுக்காரத் தரகருக்கு ஒருவர் பணம் கட்டி இழந்த பின்னும் அடுத்தவர் அதே ஆளிடம் கட்டுவதும் இதன் விளைவுகள்.

காலியிடங்களை அறிவிப்பதற்குச் சட்டமே இருந்தது. 1959-ன் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் சட்டம் 25 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் தனியார் நிறுவனங்களையும் காலியிடங்களைத் தெரிவிக்கக் கடமைப்படுத்தியது. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அத்தகைய கடமை உண்டு. ஒப்பந்தக்காரர் வழியே ஆள் எடுக்கும் முறையில் இந்தக் கடமை கரைந்துபோகிறது. மேஸ்திரியின் கைபேசிதான் அங்கே அறிவிப்புப் பலகை.

பாடு என்னும் ஒழுங்கு

இந்த இடத்தில் ஏரிக்குள்ளேயே இருக்கும் ஒரு நிறுவனத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டில் இறாலுக்கு வலை கட்டும் நல்ல இடங்கள் குறைவு. முகத்துவாரத்துக்கு அருகிலுள்ளவையே சிறந்தவை. எல்லாரும் ஒரே நாளில் அங்கே போனால் சண்டைதான் மிஞ்சும். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இதைப் பாடு முறையால் கையாண்டு வந்திருக்கின்றன. எந்த ஊருக்கு எந்த நாள், அந்த நாளில் எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்பது சுழற்சி முறையில் வருகிறது. யாருக்கு உரிமை என்ற பட்டியலை ஊர்ப் பஞ்சாயத்து வைத்திருக்கிறது. தகராறு வந்தால் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்க்கிறார்கள். நல்ல இடத்தில் இன்று வலை கட்டியவர் நாளை விலகி நிற்பார், அடுத்த முறை எப்போது வரும் என்று அவருக்குத் தெரியும். பற்றாக்குறை மறைவதில்லை, அது எல்லார் மீதும் பரப்பி வைக்கப்படுகிறது.

வேலை தேடலில் இந்த ஒழுங்கைக் கையாள்வது என்றால் வேலையையே முறைவைத்துப் பங்கிடுவது என்று பொருளில்லை. முதலாளி ஒருவரும் அதற்கு இசையமாட்டார். பங்கிடக்கூடியவை தேடலின் செலவும் செய்தியும் சிபாரிசும். யார் என்ன படித்திருக்கிறார், எங்கெல்லாம் விண்ணப்பித்தார், எங்கே ஏமாந்தார் என்பதற்கு ஊருக்கு ஓர் ஏடு. வெளியே வேலையில் இருப்பவர்கள் தாங்கள் கேள்விப்படும் ஆளெடுப்பை முதலில் அந்த ஏட்டில் சொல்வது என்ற கட்டுப்பாடு. கோடையில் பயணச் செலவுக்கு ஒரு பொதுநிதி, நேர்காணல் அழைப்பு வந்தவருக்கு முறைப்படி அதிலிருந்து உதவி, நல்ல பிடிப்புக் காலத்தில் அதைத் திருப்பி நிரப்புதல். ஒருவர் நேர்காணலுக்குப் போகும் நாளில் அவருடைய இடத்தில் படகேற இன்னொருவர். காசும் நேரமும் ஒருசேர வராத அந்த முரண்பாட்டை இது ஒன்றுதான் நேரடியாகத் தொடுகிறது. தேர்வுக்குப் படிப்பவர் எத்தனை முறை எழுதிப் பார்ப்பது என்பதையும் குடும்பத்துக்குள் புழுங்கவிடாமல், ஏற்கெனவே அந்த வழியில் போய் வந்தவர்கள் முன்னால் பேசி ஒரு காலவரை வைத்துக்கொள்ளலாம்.

இது வெறும் விருப்பமன்று என்பதற்குச் சான்றுகள் உண்டு. உளவியலாளர் நேதன் அஸ்ரினும் உடன் ஆய்வாளர்களும் 1975-ல் அமெரிக்காவில் வேலை தேடுவோரைக் குழுவாகச் சேர்த்து, இணை இணையாகத் தேடவும் கிடைத்த தகவல்களைப் பகிரவும் வைத்தார்கள். இரண்டு மாதங்களில் குழுவில் இருந்தோரில் 90 விழுக்காட்டினர் வேலை பெற்றனர்; தனியாகத் தேடியோரில் 55 விழுக்காடு. தென்னாப்பிரிக்காவில் மார்ட்டின் ஏபலும் பிறரும் செய்த ஆய்வுகள் இன்னும் நமக்கு நெருக்கமானவை. எந்த நாளில் எந்த வழியில் எத்தனை விண்ணப்பம் என்று எழுதித் திட்டமிட வைத்ததும், தேடும் நேரம் கூடாமலே விண்ணப்பங்கள் 15 விழுக்காடும் வேலை பெறுவது 26 விழுக்காடும் உயர்ந்தன. முன்பு வேலை கொடுத்தவரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் இணைத்தபோது நேர்காணல் அழைப்புகள் 60 விழுக்காடு கூடின. கடிதம் பெற்ற பெண்களில் வேலையில் சேர்ந்தோர் விகிதம் இரட்டிப்பானது. இறால் நிறுவனத்தில் இரண்டு பருவம் கணக்கெழுதிய பெண்ணுக்கும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உதவிய இளைஞருக்கும் அந்த உழைப்புக்கு ஒரு தாள் சான்றுகூட இன்று கிடைப்பதில்லை. கடிதம் எழுதித் தர ஆகும் செலவு ஒன்றுமில்லை.

மறுப்புகள்

முதல் மறுப்பு மிகக் கடுமையானது. அதைச் சுற்றிப்போக முடியாது. பாடு எல்லாருக்கும் ஆனதில்லை. அது பட்டினவர் சமூகத்தின் ஆண்களுக்கான உரிமை. பெண்களுக்கு அதில் பங்கில்லை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கு இல்லை. ஏரியை நம்பிய பட்டியல் சாதி மீனவர்களுக்கும் இல்லை. இறாலின் ஏற்றுமதி விலை உயர்ந்த பிறகு பாட்டு இடங்களை ஒட்டிச் சச்சரவுகள் மூண்டன. பழவேற்காட்டில் ஆய்வு செய்த சாரா கோல்ட்ஹார்ட் 2008-ல் வெளியிட்ட கட்டுரை, சாதியும் பாட்டுரிமையும் மீனவர்கள் சூழல் மாற்றத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வதை எப்படித் தீர்மானிக்கின்றன என்று காட்டியது. உரிமை தரும் பாதுகாப்பே சில நேரம் வேறு வழி நாடுவதற்குத் தடையாகவும் அமையக்கூடும் என்பது அதிலிருந்து எழும் செய்தி. இவ்வளவையும் ஏற்றுக்கொண்டுதான் நான் பாட்டைச் சொல்கிறேன். அதிலிருந்து எடுக்க வேண்டியது சுழற்சியும் வெளிப்படையான கணக்கும் பொதுவில் பேசித் தீர்க்கும் வழக்கமும். எடுக்கக்கூடாதது அதன் எல்லை. ஆகவே தேடல் ஏடு சாதிப் பஞ்சாயத்தின் பெட்டியில் இருக்கக்கூடாது. பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ இருந்தால்தான் இருளர் குடியிருப்பின் முதல் பட்டதாரியும் பழவேற்காடு ஊரின் முஸ்லிம் பெண்ணும் அதில் பெயர் எழுத முடியும். இருளர்களைப் பொறுத்தவரை இது அவசரமும்கூட: திருவள்ளூர் மாவட்டத்தின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கொத்தடிமைகளாகிப் பின்னர் மீட்கப்பட்டவர்களில் அவர்களே அதிகம். வேலையைப் பற்றிய செய்தி தரகர் ஒருவர் வழியாக மட்டுமே வரும்போது நேர்வது அது.

இரண்டாவது மறுப்பு பொருளியலாளர்களுடையது. இருக்கும் வேலைகள் எண்ணிக்கை கூடாமல் தேடலை மட்டும் மேம்படுத்தினால், ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பது ஆகாதா? பிரான்சில் ப்ருனோ க்ரெபோன், எஸ்தர் டஃப்லோ முதலானோர் செய்து 2013-ல் வெளிவந்த ஆய்வு, வேலைதேட உதவி பெற்றவர்களின் ஆதாயத்தில் ஒரு பகுதி உதவி பெறாதவர்களின் இழப்பிலிருந்து வந்ததைக் காட்டியது. மறுக்க முடியாத முடிவு இது. ஆனால் அந்தக் கணக்கு எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து ஓடும் இடத்துக்கானது. துறைமுகத்துக்கும் மின் நிலையத்துக்கும் தம் கரையை இழந்த ஊர்கள், அவற்றின் வாயிலில் யாரோ கொண்டுவந்து இறக்கும் ஆட்களுக்குப் பின்னால் நிற்கின்றன. இங்கே பங்கீடு மாறுவதுதான் நியாயம். தேடல் ஏடு இன்னொன்றையும் செய்யும்: எத்தனை பேர் எத்தனை காலமாக எங்கெல்லாம் கேட்டு மறுக்கப்பட்டார்கள் என்ற ஆவணத்தை ஊர் கையில் தரும். நிரந்தர வேலை கேட்டு ஆட்சியர் முன் நிற்கும்போது, அந்த ஆவணம் முழக்கத்தைவிட வலுவானது.

மூன்றாவதாக ஒரு நியாயமான அச்சம். வேலை தேடலுக்கு ஊரே தயாராகிறது என்றால், ஏரியை விட்டுவிட ஊர் தயாராகிவிட்டது என்று திட்டம் தீட்டுவோர் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை இந்த ஊர்கள் எதிர்த்து நிற்கும் வேளையில் இது உண்மையான ஆபத்து. ஆயினும் மகன் வெளியே வேலைக்குப் போவதும் தந்தையின் ஏரி உரிமையும் ஒன்றை ஒன்று அழிப்பவை என்று நாமாக ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. மாதச் சம்பளம் வரும் வீடுதான் மோசமான விலைக்கு உடன்படாமல் தாக்குப்பிடிக்கும். வழக்குக்கும் போராட்டத்துக்கும் செலவு செய்ய முடிவதும் அந்த வீட்டால்தான்.

மனம் சோர்ந்தவரைக் கூட்டத்தில் நிறுத்தினால் அவமானம் கூடுமே என்பார்கள். எல்லார் பெயரும் இருக்கும் ஏட்டில் ஒரு பெயராக இருப்பது, திண்ணையில் தனியாக அடையாளம் காட்டப்படுவதைவிட எளிது என்றே நினைக்கிறேன்.

செய்யக்கூடியது

இதில் அரசின் பங்கு சிறியது, தெளிவானது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் திருவள்ளூரில் இருக்கிறது. ஏரிக்கரையிலிருந்து அங்கே போய்வர ஒரு முழுநாள் கூலி போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வாரத்தில் ஒரு நாள் அந்த அலுவலகத்தின் மேசை ஒன்று பழவேற்காட்டுக்கு வர வேண்டும். மீன்வளத் துறை தடைக்கால நிவாரணத்துக்காகக் குடும்பங்களின் பட்டியலை எப்படியும் ஆண்டுதோறும் சரிபார்க்கிறது. அதே நேரத்தில் வேலை தேடுவோர் பெயர்களையும் எழுதிக்கொள்ளலாம். உதவித்தொகைக்கான ஐந்தாண்டுக் காத்திருப்பை நீக்கி, அதே பணத்தைத் தேடலின் முதல் ஆண்டிலேயே பயணச் செலவாகத் தர வேண்டும். துறைமுகங்களிலும் மின் நிலையத்திலும் ஒப்பந்தக்காரர்கள் எடுக்கும் ஆட்களின் காலியிடங்கள், வாயிலுக்கு வெளியே தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

மற்றதை ஊர்கள்தாம் தொடங்க வேண்டும். பொன்னேரிக் கல்லூரிகளில் படித்து இன்று வேலையில் இருக்கும் ஏரிக்கரை ஊர்க்காரர்களிடம் இக்கட்டுரை கேட்பது ஒன்றுதான்: உங்கள் நிறுவனத்தில் அடுத்த ஆளெடுப்பு எப்போது, என்ன தகுதி, யாரைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டுக்குச் சொல்லும் அதே நாளில் ஊர் நூலகத்திலும் எழுதி வையுங்கள்.